இன்ஜின் பந்த்

1

போன வருஷம் இதே வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலை, நான் என் கையால் கட்டிய விமானத்தின் இன்ஜின் எழுநூறு அடி உயரத்தில் நின்றுபோனது. பக்கத்து இருக்கையில் என் மகன் அரவிந்த் இருந்தான். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அந்தமானில், கராச்சர்மாவில் இருக்கும் என் தம்பி இந்த வரியோடு மடித்து வைத்துவிடுவான்.

அன்றிலிருந்து ஊரிலிருந்து வரும் போன்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன. கம்பெனியில் செய்த விமானம் எத்தனையோ இருக்கும்போது நீயே செய்ததில் ஏன் பறக்கிறாய்? பதில் சொல்லத் தொடங்கினால் பாதியில் லைன் அறுந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: என் பெயர் காந்திமதி. அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து அந்தமானுக்குப் போய் பொதுப்பணித்துறையில் வேலை பார்த்தவர். நான் வளர்ந்தது பாம்பூஃப்ளாட்டில். தினமும் ஃபெர்ரியில் சாத்தமுக்குக் கடந்து, அங்கிருந்து பஸ் பிடித்து, பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தேன். வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். கணவர் ரவி நர்ஸ். அவருக்குக் கிடைத்த வேலையை வைத்துத்தான் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நியூசிலாந்தின் தெற்குத் தீவுக்கு வந்தோம். இங்கே பால்பவுடர் ஆலை ஒன்றில் நான் ஃபிட்டர். காலை ஆறு மணிக்கு ஷிஃப்ட் தொடங்கும், இரண்டரைக்கு வீட்டில் இருப்பேன். மூன்று மணிக்குக் கார் ஷெட்டுக்குள் போவேன். ஆறு குளிர்காலம் அப்படிப் போனது.

கட்டினேன் என்றால் மரத்தை வெட்டி இறக்கை செய்தேன் என்று நினைக்க வேண்டாம். அலுமினியத் தகடுகள் பெட்டிகளில் வரும். அளந்து, துளைபோட்டு, பிசிறு நீக்கி, ரிவெட் அடித்துச் சேர்க்க வேண்டும். ரிவெட் மட்டும் பல ஆயிரம். இன்ஜின் நான் செய்ததில்லை. கம்பெனியிலிருந்து புதிதாக வந்தது. ஆனால் அதற்குப் பெட்ரோல் கொண்டுபோகும் குழாய், வடிகட்டி, டேங்க், ஆயில் ஹோஸ் எல்லாம் என் வேலை. வேலை முடிந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். பிறகு சட்டம் சொல்லும் மணிக்கணக்குக்கு நான் தனியாகவே பறந்து சோதித்தேன். அது முடிந்த பிறகுதான் கூட ஒருவரை ஏற்றிக்கொள்ள அனுமதி வந்தது. நான் ஏற்றிய முதல் ஆள் அரவிந்த். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

2

இன்ஜின் நிற்பதற்கு முன்னால் இரண்டு முறை இருமியது. பம்ப்பைப் போட்டேன். இடது டேங்க்கிலிருந்து வலது டேங்க்குக்கு மாற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. முன்னால் விசிறி வெறும் காற்றுக்குத்தான் சுற்றியது.

அந்த நிமிஷத்தில் ஒவ்வொரு பைலட்டுக்கும் வரும் ஆசை, திரும்பி, கிளம்பிய ஓடுதளத்துக்கே போய்விடலாம் என்பது. அவ்வளவு குறைந்த உயரத்தில் திரும்பியவர்கள் பலர் உயிரோடு வந்து சேர்ந்ததில்லை. நான் திரும்பவில்லை. மூக்கைத் தாழ்த்தி, எதிரே தெரிந்த ஆட்டுமந்தை மேயும் நிலத்தைப் பிடித்துக்கொண்டேன். ரேடியோ பொத்தானை அழுத்தி என்ன நடந்தது என்று சொன்னேன். சரியான ஆங்கிலத்தில் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன்.

அரவிந்த் பல வருஷமாக வீட்டில் தமிழ் பேசுவதில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். நானும் வற்புறுத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன். அன்று இருநூறு அடியில், "அம்மா, வயரு. வயரு இருக்கு" என்றான். நிலத்தின் ஓரத்தில் மின்கம்பி போவதை நான் பார்த்திருக்கவில்லை. கொஞ்சம் இடதுபக்கம் சாய்த்து அதைத் தாண்டி இறக்கினேன். சக்கரங்கள் மூன்று முறை குதித்தன. ஆடுகள் வேலியோரம் ஓடி நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தன.

அவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இறங்கினான். நூறடி நடந்து புல்லில் உட்கார்ந்தான். நான் பக்கத்தில் போனபோது கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.

ரேடியோவில் நான் சொன்னது ஒரு வாரம் கழித்துத்தான் தெரியவந்தது. விமானத்துறை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. அதில் ஒரு கேள்வி: இன்ஜினில் வளைந்த பாகம் எது? எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன் செய்து கேட்டேன். பதிவில் அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். போட்டுக் காட்டச் சொன்னேன். என் குரல்தான். "இன்ஜின் பந்த், இன்ஜின் பந்த்" என்று கத்தியிருக்கிறேன். அவர்கள் அதை 'பெண்ட்', அதாவது வளைந்தது, என்று எழுதிவைத்திருந்தார்கள். நம் தீவுகளில் ஃபெர்ரி நின்றாலும் பந்த், கடை மூடினாலும் பந்த், கரண்ட் போனாலும் பந்த். தமிழோ ஆங்கிலமோ வராத இடத்தில் சாத்தம் ஜெட்டி இந்திதான் என் வாயில் வந்திருக்கிறது. அது எந்த மொழி, என்ன அர்த்தம் என்று விளக்க மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. மூன்றாவது கடிதத்துக்கு வந்த பதிலில் என் பெயரையும் அப்பா பெயரையும் மாற்றிப்போட்டிருந்தார்கள்.

3

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். இரண்டு டேங்க்குக்கும் பொதுவான ஃபில்டரைத் திறந்தபோது அது அடைத்துக் கிடந்தது. சாம்பல் நிறத்தில் ரப்பர் மாதிரி சின்னச் சின்னத் துணுக்குகள். டேங்க்கின் மூலைகள் ஒழுகாமல் இருக்க உள்ளே பூசும் சீலன்ட் அது. இடது டேங்க்கின் ஒரு மூலையில் தகட்டை நான் சரியாகச் சுரண்டிச் சுத்தம் செய்யாமல் பூசியிருக்கிறேன். அது பெட்ரோலில் ஊறி உரிந்து வந்திருக்கிறது. அதோடு முடியவில்லை. அந்த ஃபில்டரை அந்த மாதமே திறந்து பார்த்திருக்க வேண்டும். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தவளும் நான்தான்.

கம்பெனி இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. அதைச் சுற்றி நான் செய்ததில்தான் குறை.

மறைக்காமல் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எங்கள் பறக்கும் கிளப்பின் பலகையில் ஒட்டினேன். பத்து நாளில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. செயலாளர் கிரஹாம் கையெழுத்திட்டிருந்தார். சொந்தமாகக் கட்டிய விமானங்கள் இனி இந்தக் களத்திலிருந்து பயணியை ஏற்றக் கூடாது, நிறுத்துவதும் பின்பக்க வேலியோரமாக இருக்கட்டும், ஆண்டுக்கூட்டம் வரை இதுவே ஏற்பாடு என்றிருந்தது.

இங்கே கோடை டிசம்பரில். அந்தக் கோடையில் கிளப்பின் சொந்த விமானம், நல்ல பேர்வாங்கிய கம்பெனி தயாரிப்பு, மாணவர் ஒருவரோடு கடற்கரை மணலில் இறங்கியது. வால்வு ஒன்று சிக்கி இன்ஜின் பாதி சக்தி இழந்துவிட்டது. அப்போது எல்லோரும் சொன்னது ஒரே வார்த்தை: துரதிர்ஷ்டம். யாரும் அந்த விமானத்தை வேலியோரம் தள்ளவில்லை. அதை விற்றுவிடலாம் என்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் நான்கு பேர் சொன்னார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "கேண்டி, முயற்சி செய்தாயே, அதுவே பெரிய விஷயம்" என்றார். காந்திமதி இங்கே பலர் வாயில் கேண்டிதான்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடுதான் அரவிந்திடம் பேசினேன். அவன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறான். ஒரு வார இறுதியில் வீட்டுக்கு வந்தவன் லேப்டாப்பைத் திறந்து என் முன்னால் வைத்தான். பொதுவில் கிடைக்கும் விபத்து அறிக்கைகளை எல்லாம் தேடிப் படித்துப் பட்டியல் போட்டிருந்தான். ஒரு பக்கம் கம்பெனி விமானங்கள், மறுபக்கம் சொந்தமாகக் கட்டியவை. இன்ஜின் நின்றுபோவது சொந்தக் கட்டுமானத்தில்தான் அதிகம் என்றான். கார் இன்ஜினை மாற்றிப் பொருத்தியவர்கள் நிலை இன்னும் மோசம். முதல் சில மணி நேரங்கள்தான் ரொம்ப ஆபத்து. காரணங்களைப் பார்த்தால் இன்ஜின் உடைந்ததைவிட பெட்ரோல் போய்ச் சேராததுதான் திரும்பத் திரும்ப வருகிறது.

அவன் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். "காரணம் இன்ஜின் இல்லம்மா. கட்டின ஆளு."

"தெரியும்" என்றேன். "காரணம் நான்னா சரி பண்ணவும் என்னால முடியும். எங்கேயோ ஒரு பேக்டரியில யாரோ மூடி வெச்சதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு அவனுக்கு அப்பாராவ் கதையைச் சொன்னேன். பாம்பூஃப்ளாட்டில் எங்கள் தெருவுக்குக் கீழே இருந்த தெலுங்கு மீனவர். டுங்கி என்று ஊரில் சொல்லும் மரப்படகை அவரே கட்டி, தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின் ஒன்றை வாங்கி அவரே பொருத்தினார். நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் ஃபெர்ரி நடுத்துறைமுகத்தில் நின்றுபோனது. ஒரு மணி நேரம் சும்மா மிதந்தோம். கயிறு கட்டி எங்களைச் சாத்தமுக்கு இழுத்துப்போனது அந்த டுங்கிதான். மறுநாளும் எல்லோரும் ஃபெர்ரியில்தான் ஏறினார்கள். ஒரு மாதம் கழித்து அப்பாராவின் இன்ஜின் நின்று, நார்த் பே பக்கம் ஒரு பகல் முழுக்க அலைக்கழிந்து வந்தார். அப்போது தெருவே சொன்னது: சொந்தமாகச் செய்தால் இப்படித்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்ஜினைப் பிரித்து, சரிசெய்து, மூன்றாம் நாள் கடலுக்குப் போனார். பதினெட்டு வருஷமாக இங்கே யாராவது என் வேலையைக் குறைத்துப் பேசினால் நான் அந்த மனிதரைத்தான் நினைத்துக்கொள்வேன்.

அரவிந்த் கடைசிவரை கேட்டான். கேட்டுவிட்டு லேப்டாப்பை மூடினான். "இந்த லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் உன்னை மாதிரிதான் நெனச்சிருப்பாங்க" என்றான். "நான் இனிமே அதுல ஏற மாட்டேன்."

ரவி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். இறங்கிய நாளிலிருந்து விமானம் என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை.

4

ஜனவரியில் ஊருக்குப் போனேன். பயணம் ஏற்கெனவே முடிவானதுதான். தம்பி சேகர் துறைமுகத்தில் வேலை பார்க்கிறான். கராச்சர்மாவில் வீடு கட்டியிருக்கிறான். சாமான்களை இறக்கி வைத்த கையோடு தொடங்கிவிட்டான்.

பையனையும் வைத்துக்கொண்டு என்ன வேலை இது, கம்பெனி விமானத்தில் போனால் யார் வேண்டாம் என்கிறார்கள், மெயின்லேண்டுக்குப் போனால் தாய்மாமாவிடம் நான் என்ன சொல்வது என்று சாப்பாட்டு மேசை வரை கேட்டுக்கொண்டே வந்தான். நானும் அதே கதையை எடுத்தேன். அப்பாராவை ஞாபகமிருக்கிறதா, அவர் பயந்து டுங்கியை விற்றாரா என்றேன்.

சேகர் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

"அக்கா, அப்பாராவ் கடைசியில என்ன ஆனார்னு ஒனக்கு மாலூம் இல்லையா?"

எனக்குத் தெரியாது. நாங்கள் கிளம்பிய அடுத்த வருஷம், அதே டுங்கியில், அதே இன்ஜினோடு போனவர் திரும்பவே இல்லையாம். நான்கு நாள் தேடியிருக்கிறார்கள். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் புதிதாகக் குடியேறியவளிடம் இதை எதற்குச் சொல்வது என்று வீட்டில் யாரும் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

நான் சாப்பிட்டு முடிக்கவில்லை. அவர் இறந்துபோனதற்காக மட்டும் இல்லை. இத்தனை வருஷமாக ஒரு கதையின் பாதியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன் என்பதுதான் நெஞ்சில் குத்தியது. என் மகனிடம் சொன்னதும் அந்தப் பாதியைத்தான்.

சேகர் தணிந்த குரலில், இனிமேல் ஏற மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு அக்கா என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். அவன் கோபித்துக்கொண்டு எழுந்துபோனான்.

5

மறுநாள் காலை ஃபெர்ரியில் பாம்பூஃப்ளாட்டுக்குப் போனேன். அப்பாராவின் மனைவி லட்சுமி அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறார். கூரை மாறியிருக்கிறது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியவில்லை. அப்பா பெயரைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப்போட்டார். நாங்கள் இந்தியில்தான் பேசினோம். அவருக்குத் தமிழ் சரளமாக வராது, எனக்குத் தெலுங்கு வராது.

என் விமானத்தைப் பற்றிச் சொன்னேன். போனில் படம் காட்டினேன். இறக்கையின் ரிவெட் வரிசையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். இதெல்லாம் நீ அடித்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார்.

கேட்க வந்ததைக் கேட்டேன். என்ன ஆனது, இன்ஜினா?

யாருக்குத் தெரியும் என்றார். கடல் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவர் நன்றாக வேலை தெரிந்தவர், ஊரில் பாதிப்பேர் இன்ஜினை அவர்தான் பார்த்துக் கொடுத்தார் என்றார். பிறகு சொன்னார்:

"எல்லார் இன்ஜினையும் அவர் தொறந்து பார்ப்பார். அவர் இன்ஜினை மட்டும் ஒருத்தரையும் தொட விடமாட்டார். எங்க அண்ணன் ஒரு தடவை கேட்டாரு, நான் ஒரு நஜர் பாக்குறேன்னு. அதுக்கு ரெண்டு மாசம் பேசல."

என் ஃபில்டர் நினைவுக்கு வந்தது. இன்ஸ்பெக்டர் ஒருமுறை வந்துபோன பிறகு என் விமானத்தின் மூடியை வேறு ஒருவர் திறந்து நான் பார்த்ததில்லை. திறக்கவும் விட்டிருக்க மாட்டேன். ரவி ஒருமுறை டார்ச் பிடிக்கிறேன் என்று வந்தபோதுகூட, நீங்கள் ஆஸ்பத்திரியைப் பாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

கிளம்பும்போது அவரிடம் கேட்டேன், நான் பறப்பதை விட்டுவிட வேண்டுமா என்று. லட்சுமி அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அதை நான் எப்படிச் சொல்ல முடியும், என் வீட்டுக்காரரிடமும் நான் போகாதே என்று சொன்னதில்லை என்றார். எந்தத் தகட்டில் வேலை செய்தாலும் கை பத்திரம் என்று என் விரல்களைப் பிடித்துப் பார்த்து அனுப்பினார்.

6

திரும்பி வந்ததும் முதல் வேலையாக கிரஹாம் வீட்டுக்குப் போனேன். எனக்கு எதிராகக் கடிதம் எழுதிய மனிதர். நாற்பது வருஷம் டிராக்டரும் விமானமும் பழுதுபார்த்தவர். யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. என் விமானத்தை முழுக்கத் திறந்து பாருங்கள் என்றேன். எல்லா மூடியையும் கழற்றித் தருகிறேன், நான் குறுக்கே பேச மாட்டேன், தப்பு கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை என்றேன்.

அவர் யோசித்தார். சரி என்றார்.

"ஒரு நிபந்தனை" என்றேன். "நீங்க என்னோடதைப் பாருங்க. கிளப் விமானத்தை நான் பார்க்கிறேன்."

அதற்கு லைசென்ஸ் மெக்கானிக் இருக்கிறார் என்றார். இருக்கட்டும், நானும் பார்க்கிறேன் என்றேன். பால்பவுடர் ஆலையில் இருபது பம்ப்பைக் கவனிக்கிற ஃபிட்டருக்கு ஒரு டார்ச் பிடிக்கத் தெரியும்.

இரண்டு சனிக்கிழமை ஆனது. டேங்க்கின் அந்த மூலையை நான் முன்பே சுரண்டித் தள்ளிப் புதிதாகப் பூசியிருந்தேன். அதை அவர் சின்னக் கண்ணாடி ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தார். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம் எனப் பிறகு புரிந்துகொண்டேன். இரண்டாவது சனிக்கிழமை மதியம், இன்ஜினுக்குக் கீழே படுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டார். ஆயில் ஹோஸ் ஒன்று இன்ஜினைத் தாங்கும் குழாயில் உரசி உரசி, மேல்தோல் பாதி தேய்ந்திருந்தது. அதை இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப் போட்டிருந்தால் உரசியிருக்காது. அந்த இடத்தை நான் நூறு முறை பார்த்திருப்பேன். பார்த்துப் பார்த்தே என் கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

உடனே மறுத்துப் பேசத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, சரி என்றேன். ஹோஸை மாற்றி, கிளாம்ப் போட்டு, அவரையே மறுபடி பார்க்கச் சொன்னேன்.

கிளப் விமானத்தில் நானும் ஒன்று கண்டுபிடித்தேன். புகைக்குழாயைப் பிடித்திருக்கும் நட் ஒன்று தளர்ந்து, விரலால் சுழன்றது. கிரஹாமைக் கூப்பிட்டு, அவர் விரலையே வைக்கச் சொன்னேன். அவர் வைத்துப் பார்த்தார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொன்னார்.

ஆண்டுக்கூட்டத்தில் அவரே எழுந்து பழைய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதற்குப் பதிலாக ஒரு விதி வந்தது: யார் கட்டிய விமானமாக இருந்தாலும், வருஷத்துக்கு ஒருமுறை அதை ஓட்டாத ஒருவர் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். முணுமுணுத்தவர்கள் கம்பெனி விமானம் வைத்திருந்தவர்கள்தான். நான் என் இடத்தில் உட்கார்ந்தபடியே, என் பெயர் கேண்டி இல்லை, காந்திமதி, கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதுங்கள் என்று சொன்னேன். எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

போன சனிக்கிழமை, ஒரு வருஷத்துக்குப் பிறகு, தனியாக ஏறினேன். பயமில்லை என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். எழுநூறு அடியைத் தாண்டும்போது என் காது முழுக்க இன்ஜினில்தான் இருந்தது. கம்பெனி விமானத்தைவிட இது ஆபத்து குறைந்தது என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. என் மகனின் பட்டியல் பொய் சொல்லவில்லை. அந்த ஆபத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்கு இப்போது ஓரளவு தெரியும், அது என் கையில்தான் இருக்கிறது. இந்தக் கையை இன்னொருவர் கண்ணுக்குக் காட்டுவேன். மடக்கி வைத்துக்கொண்டு உட்கார மாட்டேன்.

இறங்கியபோது களத்தின் வாசலில் ரவியின் கார் நின்றது. அவர் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, மதியம் என்ன சமைக்கட்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலையில் அரவிந்த் கூப்பிட்டான். எவ்வளவு நேரம் என்று கேட்டான். ஐம்பத்திரண்டு நிமிஷம். ஒன்றும் நடக்கவில்லையே? ஒன்றும் நடக்கவில்லை.

"ஒண்ணும் நடக்காத நாள் எந்த ரிப்போர்ட்லயும் வராதும்மா" என்றான். தமிழில்தான் சொன்னான். குரலில் கொஞ்சம் சலிப்பு, கொஞ்சம் சிரிப்பு.

"வராட்டி போகட்டும். ஞாயித்துக்கிழமையும் போறேன்."

அவன் இன்னும் ஏறவில்லை. ஏறச் சொல்லி நான் கேட்கவும் மாட்டேன். அது அவன் உயிர், அவன் கணக்கு. நான் ஏறுவேன்.